குட்டையில் டியூப் மிதவை தொய்யாதிருக்க

பண்ணைக் குட்டையில் மீனுக்குத் தீவனமிடவும் வலை இழுக்கவும் மிதவை உதவும். நாமக்கல், சங்ககிரி அருகிலிருப்பதால் சூரமங்கலம் பகுதி விவசாயிகளுக்குப் பழைய லாரி டியூபுக்குப் பஞ்சமில்லை.

கரையில் விறைப்பாக நின்ற டியூப் நீரில் இட்டதும் தொய்ந்தால் பஞ்சர் என்று பயப்பட வேண்டாம். வெயிலில் சூடேறிய காற்று நீர்பட்டுக் குளிர்ந்து சுருங்குகிறது. கால்மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, குறையும் காற்றைக் கைப்பம்பினால் நிரப்புக. கரையேற்றியதும் சிறிது காற்றை இறக்கி நிழலில் வைக்கவும். வெயிலில் விட்டால் காற்று விரிந்து ஒட்டுப் போட்ட இடம் பிரியும்.

மேட்டூர் அணையில் மீனவர் ஓட்டும் பரிசலுக்கு மூங்கில் பின்னலே எலும்பு. டியூபுக்கு அது கிடையாது. ஆகவே நான்கு டியூபுகளைச் சதுரமாக வைத்து, மேலே மூங்கில் சட்டம் கட்டுக. வெள்ள மீட்பு ரப்பர் படகிலும் காற்றறைகள் தனித்தனியே இருப்பதால்தான் ஒன்று போனாலும் படகு மிதக்கிறது. மெல்லிய கயிறு டியூபை அறுக்கும். பழைய டியூபைக் கீற்றாக வெட்டிக் கட்டுவது நலம். மூங்கில் முனைகளுக்குச் சாக்கு சுற்றவும்.

மிதவையில் நிற்கக் கூடாது. தீவன மூட்டையும் ஆளும் நடுவில் இருக்க வேண்டும். பாலித்தீன் விரித்த குட்டையின் சரிவு பாசியேறி வழுக்கும்; நீச்சல் தெரிந்தவரும் கரையேறத் திணறுவர். முடிச்சுகள் போட்ட கயிற்றைக் கரைமரத்தில் கட்டி நீருக்குள் விட்ட பிறகே மிதவையில் ஏறுக.