பழைய கல்யாணப் பத்திரிகை, புது ஃபைல்!

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் டிடிபி கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ''வெள்ளி விழா வருது, எங்க கல்யாணப் பத்திரிகையை அப்படியே அடிச்சுத் தாங்க'' என்று யாராவது வந்து நிற்பார்கள். சிடியில் ஃபைல் இருக்கும். கோரல்டிராவில் செய்த பழைய சிடிஆர். திறக்கத்தான் வழி தெரியாது.

இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் முயன்று பாருங்கள். பல சிடிஆர் ஃபைல்கள் திறக்கும். உடனே எஸ்விஜி-யாகச் சேமித்துவிடுங்கள். 2001-ல் வந்த இந்தப் பொதுத் தரம் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. போன் பிரவுசரிலேயே தெரியும்.

பிள்ளையார் படம் பிழைத்துவிடும். வில்லங்கம் எழுத்தில்தான். யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்கள், ஆங்கில எழுத்து, குறிகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தும் கடைக்கொரு ஃபான்ட் ஓடியது. அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் தாத்தா பெயர்கூடக் கிறுக்கலாகத்தான் வரும்.

ஆகவே, பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் எழுத்தை 'கர்வ்ஸ்' ஆக்குங்கள். உருவம் மாறாது, ஆனால் பெயரைத் திருத்த முடியாது. மற்றதில் எழுத்தை அப்படியே விட்டு, ஃபான்ட் ஃபைலையும் கூடவே வையுங்கள். பின்னால் யூனிகோடுக்கு மாற்ற அதுதான் உதவும். மாற்றியதும் கொம்பு, கால் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அச்சடித்த பத்திரிகை மட்டும்தான் மிச்சமா? ஸ்கேன் செய்து 'டிரேஸ்' போடலாம். படம் சுமாராக வரும். பெயர்களை மறுபடி டைப் அடிக்கத்தான் வேண்டும்.