நடந்து காணும் நாடு – 9: கோடியக்கரையின் காடும் களரும்

குழந்தைகளை அழைத்துக்கொண்டு நடப்பதற்கு ஏற்ற இடம் எது என்று வினவும் பெற்றோர் பலரும் நீலகிரியையோ கொடைக்கானலையோ மனத்தில் வைத்துக்கொண்டே வினவுகிறார்கள். உயரமும் குளிர்ச்சியும் இருந்தாலன்றி ஒரு வனப் பிரயாணம் பூரணமாகாது என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது. இத்தொடரிலும் இதுவரை பெரும்பாலும் மலைப்பாதைகளிலேயே நடந்தோம். இந்த வாரம், சோழமண்டலக் கரை தெற்கு நோக்கி நெடுந்தூரம் வந்து சட்டென்று மேற்கே திரும்புகிற முனையில், வங்காள விரிகுடாவையும் பாக் நீரிணையையும் இரு புறமும் கொண்டு கிடக்கும் கோடியக்கரைக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். காடு, மேடு, புல்வெளி, சதுப்பு ஆகிய நான்கையும் ஒரு காலைப்பொழுதுக்குள் சிறுவர்கள் களைப்பின்றிக் கண்டு திரும்பத்தக்க இடம் இது.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே செல்லும் சாலையில் முதலில் எதிர்ப்படுவது அகஸ்தியம்பள்ளியின் உப்பளங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் கால்நடையாகப் புறப்பட்ட சத்தியாக்கிரகிகள், ஊர் ஊராக நடந்து வேதாரண்யம் வந்து, அம்மாத இறுதியில் உப்பு அள்ளிச் சட்டத்தை மீறிய பூமி அது. நடையினால் ஒரு தேசத்தின் சரித்திரமே மாறியதுண்டு என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் வேண்டியதில்லை. அதற்கப்பால் கோடியக்காடு, கடலோரத்தில் தன்னந்தனியே கோயில் கொண்ட குழகரைக் கண்டு மனம் உருகிச் சுந்தரர் பதிகம் பாடிய தலம். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் இது காடாகவே இருந்தது என்பதற்கு அந்தப் பதிகமே சாட்சி.

காட்டினுள் நாம் முதலில் காண வேண்டியது ராமர் பாதம். கல்லில் வடித்த இரண்டு பாதங்களும், அவற்றின் மேல் ஒரு சிறு மண்டபமும், அதைத் தாங்கி நிற்கும் மணல்மேடும்தான் அங்கே உள்ளவை. இலங்கைக்குச் செல்லுமுன் ராமபிரான் இங்கே நின்று தென்திசையை நோக்கினார் என்பது ஐதிகம். இந்தச் சரணாலயத்திலேயே மிக உயர்ந்த இடம் இதுதான் என்று நான் சொன்னபோது, உடன் வந்த என் பேத்தி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுவா தாத்தா உயரம்? நம்ம வீட்டுத் தென்னைமரம் இதைவிட உயரமாச்சே!" என்றாள். அவள் சொன்னது உண்மையே. ஆயினும் அந்த மேட்டின் மீது நின்று நாற்புறமும் பார்த்தால் மரங்களின் தலைகளும், அவற்றுக்கு அப்பால் வெண்மையாக விரியும் களர்நிலமும் தெரிகின்றன. தென்னையளவுகூட இல்லாத அந்த உயரம், மட்டமான இந்தப் பிராந்தியத்தில் ஒரு பர்வதத்துக்குச் சமானம்.

ஏன் அப்படி என்பதை மண்ணே விளக்குகிறது. இக்காடு நிற்பது பழைய மணல்மேடுகளின் மீது. மேட்டில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரைவிடத் தான் இலேசானபடியால் அதனுடன் உடனே கலந்துவிடாமல் அதன் மேல் ஒரு படலமாகத் தங்குகிறது. அந்த நன்னீரைப் பற்றிக்கொண்டுதான் பாலை, நாவல் முதலிய விருட்சங்கள் கோடையிலும் இலையுதிர்க்காமல் பசுமையாக நிற்கின்றன. கிளையைத் தொட்டுப் பார்த்தால் இலைகள் தடித்தும் வழவழப்பாகவும் இருப்பதைக் குழந்தைகள் தாமே உணர்வார்கள். உப்புக் காற்றையும் வெயிலையும் தாங்குவதற்கு அம்மரங்கள் அணிந்த கவசம் அது. தரை சற்றே தாழ்ந்தால் நன்னீர்ப் படலம் மெலிகிறது, மரம் குறுகிப் புதராகிறது. இன்னும் தாழ்ந்தால் புதரும் மறைந்து புல் மாத்திரம் எஞ்சுகிறது. வாகனத்தில் செல்பவன் இந்த மாறுதலை அறிய மாட்டான். காலால் நடப்பவனுக்கு, அதிலும் தரைக்கு அருகே கண்களை உடைய சிறுவர்களுக்கு, அது பிரத்தியட்சமாகத் தெரியும்.

புல்வெளிக்கு வந்தவுடன் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அதுதான் வெளிமான்களின் ராஜ்யம். 1967-ஆம் ஆண்டில் இந்தச் சரணாலயம் ஏற்பட்டதே முக்கியமாக அவற்றைக் காப்பதற்காகத்தான். முறுக்கிய கொம்பும், கருமை படர்ந்த முதுகும், பால்போன்ற வயிறும் உடைய கலைமான், தலையை உயர்த்திக் கொம்புகளை முதுகின் மேல் சாய்த்துக்கொண்டு தன் எல்லைக்குள் மெல்ல நடைபோடும் கம்பீரத்தை ஒரு முறை கண்ட குழந்தை எளிதில் மறக்காது. கொம்பில்லாத பிணைமான்கள் மிரண்டு ஓடும்போது, நான்கு கால்களையும் சேர்த்து ஆகாயத்தில் எழும்பித் துள்ளுவதும் காணத்தக்கதே. அதே புல்லை நம்பி, எப்போதோ மனிதர் கைவிட்ட மட்டக்குதிரைகளின் சந்ததியும் அங்கே மேய்ந்து திரிகிறது.

மானைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், அது நின்ற இடத்தையும் குனிந்து பார்க்கும்படி குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். கலைமான் தன் எல்லையைக் குறிக்க ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிட்டுக் குவித்திருக்கும். மழைக்குப் பின் அந்தக் குவியலில் சில சமயம் சின்னஞ்சிறு கன்றுகள் முளைத்திருப்பதைக் காணலாம். அவற்றுள் சீமைக் கருவேலமும் இருக்கும். அதன் காய் இனிப்பானது. மானும் குதிரையும் அதை விரும்பித் தின்கின்றன. விதையோ ஜீரணமாகாமல் வெளிப்பட்டு, எருவோடு விதைத்ததுபோல் புல்வெளியின் நடுவே முளைக்கிறது. திறந்த வெளியில்தான் வாழவல்ல வெளிமான், தன் வாழிடத்தை மூடிவிடும் முட்காட்டைத் தானே விதைக்கிறது! வனத்துறையினர் இம்மரத்தை அகற்றப் பாடுபடுவதன் காரணத்தை ஒரு பெரிய நூலைக் காட்டிலும் இந்தச் சிறு குவியல் தெளிவாகப் போதிக்கும்.

புல்லும் முடிகிற இடத்தில் சதுப்பு தொடங்குகிறது. முதலில் செம்மை படர்ந்த உமரிச் செடிகள். அவற்றின் சதைப்பற்றுள்ள இலையை நசுக்கி நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதற்கப்பால் செடியும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் ஆழமற்ற நீரும்தான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றி உப்புப் பூத்து வெடிக்கும் இந்த வெளிக்கு, ஐப்பசி முதல் பங்குனி வரை வடதேசங்களிலிருந்து பறவைகள் திரள்கின்றன. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சேற்றை வடிகட்டி உண்ணும் பூநாரையும், உள்ளங்கையில் அடங்கும் உடலோடு வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளிகளிலிருந்து பறந்து வரும் சிறு உள்ளானும் ஒரே சேற்றில் இரை தேடுகின்றன. இந்தச் சிறப்பினால்தான் 2002-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமாகக் கோடியக்கரை அங்கீகாரம் பெற்றது.

இனி, நடை குறித்துச் சில வார்த்தைகள். மார்கழி, தை மாதங்கள் உசிதமானவை. முதலில் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பெற்று, எந்தெந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன என்று விசாரித்துக்கொண்டு, இயன்றால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது நலம். குடிநீரும் தொப்பியும் அவசியம்; முட்கள் மிகுதியாதலால் கனத்த அடியுடைய காலணி வேண்டும். பளிச்சென்ற வர்ண உடைகள் பறவைகளை விரட்டும். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பது அவற்றுக்கும் நமக்கும் கேடு. சேற்றின் மேற்பரப்பு உலர்ந்து உறுதியாகத் தோன்றினாலும், அதில் இறங்கக் குழந்தைகளை ஒருபோதும் அனுமதிக்கலாகாது.

2018 நவம்பரில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டை உலுக்கிப் பல பெருமரங்களை வீழ்த்தியது. காற்று செய்த சேதத்தைக் காலமும் மழையும் ஆற்றும் என்று நம்பலாம். ஆனால் சில அடி உயரமே காட்டையும் புல்லையும் களரையும் பிரித்து வைத்திருக்கும் இத்தகைய நிலத்தில், ஒரு கரையை எழுப்பினாலும் ஓர் ஓடையை அடைத்தாலும் நீர் போகும் வழி மாறிவிடும். நீர் மாறினால் செடி மாறும், செடி மாறினால் மானும் பறவையும் போகுமிடம் தேட வேண்டியதாகும். அந்தச் சேதத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் சக்தி நிலத்துக்கு இல்லை. 'வெறும் பொட்டல்', 'பயனற்ற சேறு' என்று ஏட்டில் எழுதப்படும் பூமியின் மீது நடந்து, அதன் ஒவ்வோர் அடியும் ஒரு ஜீவராசிக்கு வீடாக இருப்பதைச் சிறுவயதிலேயே கண்டவர்கள், நாளை அதிகாரத்தில் அமரும்போது அப்படி எழுதக் கூசுவார்கள். விடுமுறை நாளொன்றைப் பிள்ளைகளோடு இங்கே செலவிடுமாறு நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அடுத்த வாரம், இதே ஈரநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குச் செல்வோம்.