பிளாஷ் சேமிப்பகத்தின் வேகத்தை அளத்தல்: யாழ்ப்பாணச் சூழலை முன்வைத்துச் சில குறிப்புக்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வைத்தியசாலைகளும் வங்கிகளும் பல்கலைக்கழகமும் தம் பதிவுகளைக் கணினித் தரவுத்தளங்களில் வைத்திருக்கும் காலம் இது. இத்தரவுத்தளங்கள் வன்தட்டிலிருந்து பிளாஷ் சேமிப்பகத்துக்கு மாறுகின்றன. செக்கனுக்கு இலட்சக்கணக்கான செயல்கள் என்று விளம்பரத் தாள் கூறும். அவ்வெண் எந்நிலையிற் பெறப்பட்டது என்பதே நாம் ஈண்டு ஆராய முற்படும் வினா.

நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன் எடுக்கிறது. வேண்டிய இடம் தலையின்கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரமும் உண்டு. ஆகவே, சிதறிக் கிடக்கும் பதிவுகளைச் செக்கனுக்கு நூறளவிலேயே அது எடுத்துத் தரும். சுழலும் உறுப்பெதுவுமற்ற பிளாஷுக்கு ஒரு வாசிப்புக்கு நூறு மைக்குரோசெக்கன் அளவே போதும். இவ்வேறுபாடு மெய்யானது, அதில் ஐயமில்லை.

சிக்கல் எழுதுதலில் உள்ளது. ரொசிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய இந்நினைவகத்தில், எழுதிய பக்கத்தின்மீது மீண்டும் எழுத இயலாது. ஓலையிற் கீறிய எழுத்தும் அத்தகையதே. ஆயின் பிளாஷை அழிக்கலாம். பக்கம் பக்கமாக அன்று, பல நூறு பக்கங்கள் கொண்ட தொகுதியாகவே அழிக்கலாம். வெற்றுப் பக்கங்கள் நிறைந்த புதுச் சேமிப்பகம் விரைந்து எழுதும். அவை தீர்ந்ததும், பயனுள்ள பக்கங்களை வேறிடத்துக்குப் பெயர்த்துத் தொகுதியை அழித்து இடந்தேடும் வேலையும் சேர்ந்துகொள்ள, வேகம் வீழ்கிறது. ஆதலின், பெட்டியைப் பிரித்தவுடன் பத்து நிமிடம் நடத்தும் சோதனை தேனிலவுக் காலத்தைக் கொண்டு இல்லறத்தை மதிப்பிடுவது போன்றது. ஸ்னியா அமைப்பின் சோதனை விதிமுறை, கொள்ளளவின் இருமடங்கு தரவை முதலில் எழுதி, அதன்பின் ஐந்து சுற்றுக்களின் முடிவுகள் பெரிதும் மாறாத நிலையை அடைந்த பின்னரே அளவை ஏற்கிறது.

இதுவும் போதாது. தரவுத்தளம் ஒரு கொடுக்கல் வாங்கலை ‘முடிந்தது’ என அறிவிக்குமுன், அதன் குறிப்பேட்டுப் பதிவு நிலையான நினைவகத்திற் பதிந்தாக வேண்டும். இப்பதிவுகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன. விளம்பர எண்களோ ஒரே வேளையிற் பல கோரிக்கைகளை வரிசையில் நிறுத்திப் பெறப்படுவன. ஒரு பதிவு உறுதியாக ஒரு மில்லிசெக்கன் எடுக்குமாயின், தனியொரு வரிசையிற் செக்கனுக்கு ஆயிரமே எல்லை. தாளில் ஐந்து இலட்சம் என்றிருந்தும் பயனில்லை. சராசரியும் ஏமாற்றும்: நூற்றிலொரு பதிவு நெடுநேரம் தாமதித்தால் வங்கி முகப்பில் நிற்பவர் அதனையே உணர்வார். 1992இல் வெளிவந்த ரி.பி.சி.-சி போன்ற சோதனைகள் முழுக் கொடுக்கல் வாங்கலையும் பாவனை செய்வதனால் உண்மைக்குக் கூடிய அண்மையில் உள்ளன.

எமது சூழலில் முதலிடம் பெறவேண்டிய சோதனை வேறொன்று. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்னின்றி இருந்தது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதிலும் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியது. மின் அறுந்த கணத்தில், ‘எழுதிவிட்டேன்’ என்று சேமிப்பகம் சொன்ன பதிவு உண்மையில் இருக்கின்றதா? தரமான சேமிப்பகங்களிற் சிறு கொள்ளளவிகள் உண்டு. தற்காலிக நினைவகத்திலுள்ளவற்றை எழுதி முடிக்கும் வரை அவை மின் வழங்கும். அவையற்ற மலிவுச் சேமிப்பகம் ஒவ்வொரு முறையும் பிளாஷில் எழுதிவிட்டே விடை கூறல் வேண்டும். எழுதாமலே கூறுவனவும் உள. அத்தகையது வேகச் சோதனையில் வெல்வதில் வியப்பில்லை. எனவே, எழுதிக்கொண்டிருக்கையில் மின்னிணைப்பைப் பிடுங்கி, உறுதிகூறப்பட்ட பதிவுகளை எண்ணிப் பார்க்காத அளவீட்டை நாம் அளவீடாகவே கொள்ளோம். மின்கலத் துணை இருப்பதனால் இது வேண்டாம் என்போர், மின்கலமும் முதுமையடையும் என்பதை மறக்கின்றனர்.

2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் போன்ற முயற்சிகளுக்கு இவ்வளவுகோல் அப்படியே பொருந்தாது. அங்கு எழுதுதல் சிறிது, வாசித்தல் பெரிது. 1981இற் பொதுசன நூலகம் எரியக்கண்ட ஊரிற் காப்புப் பிரதியின் ஆயுளே முதற்கவலை. ஜெடெக் நியமத்தின்படி, எழுதும் ஆயுள் தீர்ந்த நிறுவனத்தரச் சேமிப்பகம் மின்னின்றி 40 பாகை செல்சியசில் மூன்று மாதம் தரவைக் காத்தாற் போதும். வீட்டுப் பாவனைக்கானதோ 30 பாகையில் ஓராண்டு காக்க வேண்டும். விலை கூடியது அலுமாரியிற் கூடியகாலம் காக்கும் என்று கொள்வதற்கில்லை. பூட்டிவைக்கும் பிரதிக்குக் காந்த நாடாவும் பழைய வன்தட்டுமே இன்னும் ஏற்றவை.