பாடசாலைத் தொழுவம்: நிலமில்லா மாணாக்கனுக்கு ஒரு பண்ணை

விவசாயம் ஏட்டுப் படிப்பினால் மட்டும் கைவரும் வித்தை அன்று. கால்நடை நோய்களை வகுப்பில் தவறின்றி ஒப்பிக்கும் மாணாக்கனும், தீனி எடுக்காமல் ஒதுங்கி நிற்கும் கன்றை விடியற்காலையில் கண்டு அதன் காரணத்தை ஆராயத் தொடங்கும்போதே அவ்வித்தையில் பிரவேசிக்கிறான். இவ்வுண்மையை உணர்ந்தே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்தரப் பாடசாலைகள் பலவற்றில் விவசாயப் பாடத்துடன் கால்நடைத் தொழுவமும் அமைக்கப்பட்டிருக்கிறது. அத்தொழுவத்தின் நோக்கமும் அமைப்பும், பொதுச் சொத்தைப் பரிபாலித்துப் பழகிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் அறியத்தக்கவை.

தொழுவம் ஏற்பட்ட காரணம்

1908ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்து நார்தாம்டன் நகரில் விவசாயப் பாடசாலையின் தலைமையை ஏற்ற ரூபஸ் ஸ்டிம்ஸன் என்பவர், மாணாக்கனுடைய வீட்டுப் பண்ணையே அவனுக்குச் சிறந்த பயிற்சிக் கூடம் என்று கருதினார். பாடசாலையில் கற்றதை அவன் தன் வீட்டில் ஒரு பயிரிலோ பிராணியிலோ நடத்திக்காட்ட வேண்டும். உபாத்தியாயர் அங்கே சென்று மேற்பார்வையிட வேண்டும் என்பது அவருடைய முறை. 1917இல் நிறைவேறிய ஸ்மித்-ஹியூஸ் சட்டம் விவசாயக் கல்விக்கு மத்திய சர்க்காரின் பொருளுதவியை அளித்தபோது, மாணாக்கர் ஆண்டுக்கு 6 மாதமேனும் பாடசாலைப் பண்ணையிலோ வேறு பண்ணையிலோ மேற்பார்வையின்கீழ் வேலை பழக வேண்டும் என்று விதித்தது. 1928இல் கான்ஸாஸ் நகரில் விவசாய மாணாக்கர்களின் சங்கம் ஒன்று ஸ்தாபிக்கப்பட்டது. 1969இல் பெண்களும் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 2024இல் அதன் அங்கத்தினர் தொகை 10 லட்சத்தைக் கடந்தது.

ஆயினும் வீட்டுப் பண்ணை முறையில் ஒரு குறை உண்டு. வீட்டில் பண்ணை இருந்தால்தானே அம்முறை நடைபெறும்? குடும்பங்கள் நிலத்தை விட்டு நகரங்களில் குடியேறக் குடியேற, விவசாயம் கற்க விரும்பும் மாணாக்கர் பலருக்கு ஓர் ஆட்டைக் கட்டவும் இடமில்லாது போயிற்று. பண்ணைக்காரரின் பிள்ளை பிராணியை வளர்த்துக் கற்கவும், கூலிக்காரரின் பிள்ளை அதன் படத்தைப் பார்த்துக் கற்கவுமான பேதத்தை நீக்குவதே பாடசாலைத் தொழுவத்தின் முதற்பயன்.

இத்தகைய தொழுவத்தில் கட்டடம் பொதுவுடைமை. பிராணியோ பெரும்பாலும் மாணாக்கனின் சொந்த உடைமை. கன்றையோ குட்டியையோ வாங்குவதும், தீனிக்குப் பணம் கொடுப்பதும், வரவு செலவுக் கணக்கு எழுதுவதும், இறுதியில் அதை விற்பதும் அவனுடைய பொறுப்பு. 10 முதல் 20 வயது வரையுள்ளோர் இவ்வகை முயற்சிகளுக்கு, உபாத்தியாயர் போன்ற ஆலோசகரின் சிபார்சின்பேரில், மத்திய விவசாய இலாகாவிடம் சிறு கடன் பெறவும் வழியுண்டு. விற்ற பணத்தில் கடனும் தீனிச் செலவும் போக மிஞ்சுவதே லாபம். ஒன்றும் மிஞ்சாத ஆண்டுகளும் உண்டு. அதையும் கணக்கில் மறைக்காமல் எழுதக் கற்பது அக்கல்வியின் ஒரு பகுதியே.

இடமும் அமைப்பும்

தொழுவத்திற்கு மேட்டுப்பாங்கான, மழைநீர் தேங்காத இடமே உகந்தது. வழக்கமாக வீசும் காற்று, துர்நாற்றத்தையும் ஈக்களையும் வகுப்பறைகளின் பக்கம் கொண்டுசெல்லாதபடி இடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அவ்வளவு தொலைவில் இருப்பினும், இரவிலும் வண்டி வந்து சேரத்தக்க பாதை அவசியம். பிரசவ வேதனைப்படும் ஆடு பொழுது விடியும்வரை காத்திராது.

தரையில் ஊன்றிய கம்பங்களின்மேல் தகரக் கூரை வேய்ந்த கொட்டிலே செலவிற் குறைந்தது. பனி மிகுந்த வடமாகாணங்களில் குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்திற்கும் கீழே கம்பங்களை ஊன்றுவர். இல்லாவிடில் உறைந்த மண் அவற்றை மேலே தள்ளிவிடும். அங்கே குளிர்காற்றுக்குப் புறங்காட்டி, தெற்கு நோக்கிய பக்கத்தைத் திறந்து வைப்பது வழக்கம். டெக்ஸாஸ் போன்ற வெப்ப மாகாணங்களிலோ பக்கங்களெல்லாம் திறந்திருப்பதும் விசிறிகள் இருப்பதும் முக்கியம். பன்றிக்கு மனிதனைப்போல வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ளும் சக்தி இல்லை.

காற்றோட்டம் கூரையின் முகட்டில் தொடங்குகிறது. வெப்பமும் ஈரமும் கலந்த காற்று மேலெழுந்து முகட்டுத் திறப்பின் வழியே வெளியேற, புதிய காற்று இறப்பின் கீழாக உட்புகும். குளிருக்கு அஞ்சி எல்லாத் திறப்புகளையும் அடைத்துவிட்டால் மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு உள்ளேயே தங்கி, பிராணிகளின் சுவாசப்பையைக் கெடுக்கும். நிற்கும் மனிதனுக்கு அந்நெடி புலப்படாதிருக்கலாம். குனிந்து, படுத்திருக்கும் ஆட்டின் மூக்கிருக்கும் உயரத்தில் முகர்ந்து பார்ப்பதே சரியான சோதனை.

சிமிட்டித் தளம் வழுக்காதபடி சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் வீதம் வடிகாலை நோக்கிச் சரிவு கொடுக்கலாம். செம்மறியாடு அல்லது வெள்ளாடு ஒன்றுக்கு 15 முதல் 20 சதுர அடியும், தனியே அடைக்கும் இளங்காளைக்கு ஏறக்குறைய 10 அடிச் சதுரமும் தேவை. நடுவழி தீனி வண்டி திரும்பத்தக்க அகலமுடையதாக இருந்தால் மாணாக்கரின் உழைப்பு பெரிதும் குறையும். வளர்ந்த காளை வெயிற்காலத்தில் நாளொன்றுக்கு 10 முதல் 20 காலன் வரை தண்ணீர் குடிக்கும். ஆகையால் ஒவ்வொரு பட்டிக்கும் தண்ணீர் கிடைக்கும்படி முன்னதாகவே குழாய் அமைப்பது நலம்.

நெருப்பும் நோயும்

ஈரம் உலராமல் கட்டி அடுக்கிய புல், உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றும். எனவே புற்கிடங்கைப் பிராணிகள் இருக்கும் கட்டடத்திலிருந்து விலக்கிக் கட்டுவதே அறிவுடைமை. மின்சாரக் கம்பிகளைப் பிராணிகள் கடிக்க இயலாதவாறு குழாய்க்குள் செலுத்த வேண்டும். குட்டிகளுக்குச் சூடூட்டும் விளக்குகள் வைக்கோலில் விழாதபடி உறுதியாகக் கட்டப்பட வேண்டும்.

பல வீட்டாரின் பிராணிகள் ஒரே கூரையின்கீழ் கூடும் இடத்தில் நோய் எளிதிற் பரவும். புதிதாக வாங்கிய பிராணியையும், கண்காட்சியிலிருந்து திரும்பியதையும் சில வாரங்கள் தனிப்பட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டும். அதற்குத் தனி வாளியும் மண்வெட்டியும் வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. 2012ஆம் ஆண்டுக் கோடையில் பன்றிகளிடமிருந்து தொற்றிய ஒருவகை இன்புளுயன்ஸா அமெரிக்காவில் 300க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. அவர்களிற் பெரும்பாலோர் விவசாயக் கண்காட்சிகளில் பன்றிகளுடன் பழகிய சிறுவர்கள். வாயிலருகே கை கழுவும் தொட்டி இல்லாத தொழுவம், எவ்வளவு பொருள் செலவழித்துக் கட்டியதாயினும், முற்றுப்பெறாத கட்டடமே.

விடுமுறை நாளின் கேள்வி

பாடசாலைக்கு விடுமுறை உண்டு. பிராணியின் பசிக்கு விடுமுறை இல்லை. ஆகவே அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே சில கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் நீண்ட விடுமுறையிலும் தீனி வைப்பவர் யார்? மாணாக்கன் நோயுற்றால் அவன் முறையை ஏற்பவர் யார்? கால்நடை வைத்தியருக்கும் தண்ணீருக்கும் மின்சாரத்திற்கும் ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும்? எருவை யார், எங்கே அகற்றுவர்? கட்டடச் செலவு ஒருமுறை வருவது. பராமரிப்புச் செலவோ தொழுவம் உள்ளவரை தொடர்வது. கட்டுவதற்கு ஊரார் உற்சாகமாகத் தரும் மரமும் தகரமும் உடலுழைப்பும் இக்கேள்விகளுக்கு விடையாக மாட்டா.

பொதுக் களஞ்சியமோ, பால் சேகரிக்கும் நிலையமோ நடத்தும் சங்கத்தார்க்கு இது புதிய செய்தியன்று. பலருக்கும் உரிய கட்டடத்தில் ஒவ்வொருவருடைய கடமையும் பெயரிட்டுக் குறிக்கப்படாவிடில், அது ஒருவருக்கும் உரியதல்லாததாகிப் பாழடையும். பாடசாலைத் தொழுவத்தின் சுவரில் தொங்கும் முறைப்பட்டியல் அதன் கம்பங்களைப் போலவே கூரையைத் தாங்குகிறது. அப்பட்டியலில் தன் பெயரைக் கண்டு, மழை நாளிலும் விடியுமுன் எழுந்துவரும் நிலமில்லா வீட்டுப் பிள்ளை, விவசாயியின் முதற் பாடத்தைக் கற்றுவிட்டான்.