சொல்லால் வரும் காயம்

மிதிவண்டியிலிருந்து விழுந்த குழந்தையின் முழங்காலில் சிராய்ப்பு ஏற்படுகிறது. அதனைத் தாய் காண்கிறாள், மருந்திடுகிறாள், சில நாள்களில் புண் ஆறிவிடுகிறது. வகுப்பறையில் ஏளனச் சொல்லால் காயப்பட்ட குழந்தை வீடு திரும்பும்போது அதன் உடலில் எந்த அடையாளமும் இருப்பதில்லை. ஆதலால் அக்காயத்திற்கு மருந்திடுவாரும் இல்லை.

கேலியும் ஏளனமும்

நண்பர்கள் ஒருவரையொருவர் கேலி செய்வது இயல்பு. அதில் இருவரும் சிரிக்கின்றனர். ஒருவர் "போதும்" என்றால் மற்றவர் நிறுத்திவிடுகிறார். ஏளனம் அத்தகையதன்று. நார்வே நாட்டில் பணியாற்றிய உளவியல் அறிஞர் டான் ஓல்வியஸ் 1970களில் பள்ளி மாணவரிடையே நிகழும் துன்புறுத்தலை விரிவாக ஆராய்ந்தார். அதற்குரிய மூன்று அடையாளங்களை அவர் எடுத்துக்காட்டினார்: வருத்த வேண்டும் என்னும் நோக்கம், மீண்டும் மீண்டும் நிகழ்தல், இரு தரப்பினரிடையே வலிமை வேறுபாடு. வலிமை என்பது உடல் வலிமை மட்டுமன்று. ஒரு பக்கம் பத்துப் பேரும் மறுபக்கம் ஒருவரும் நிற்பது வலிமை வேறுபாடே. பிறர் சரளமாகப் பேசும் மொழியில் மறுமொழி கூற இயலாமல் ஒருவர் தடுமாறுவதும் அத்தகையதே.

மறைந்துகொள்ளும் குழந்தை

மதுரையிலிருந்து தில்லிப் பள்ளி ஒன்றிற்குப் புதிதாக வந்த ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். இந்தியில் ககரத்திற்கு நான்கு எழுத்துகள் உண்டு. தமிழில் ஒன்றே உண்டு. 'உணவு' எனப் பொருள்படும் இந்திச் சொல்லை அவள் தமிழ்க் ககரத்தால் ஒலிக்கிறாள். அது 'ஒரு கண் பார்வையற்றவர்' எனப் பொருள் மாறிவிடுகிறது. வகுப்பே நகைக்கிறது. மறுநாள் முதல் அவளைப் பெயர் சொல்லி அழைப்பாரில்லை. 'மதராசி' என்றே அழைக்கின்றனர். அவளுடைய நிறமும் உணவும் கேலிப்பொருளாகின்றன.

அவள் அழுவதில்லை, மறைந்துகொள்கிறாள். விடை தெரிந்தும் கை உயர்த்துவதில்லை. "புளியோதரை வேண்டாம்மா, ரொட்டி போதும்" என்கிறாள். பள்ளி வாயிலில் தந்தையிடம், "அப்பா, இங்கே தமிழில் பேசாதீங்க" என்று கெஞ்சுகிறாள். ஏளனம் செய்தவர் அச்சொல்லை அன்று மாலையே மறந்திருப்பர். கேட்டவளோ தன் மொழியையே மறைக்கத் தொடங்கிவிடுகிறாள்.

உடல் பேசும் மொழி

அச்சம் ஏற்படும்போது இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, வயிறு கலங்குகிறது. நாள்தோறும் அஞ்சும் குழந்தைக்கு உறக்கம் கெடுகிறது, பசி குறைகிறது. பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வயிற்றுவலி வருகிறது. அவ்வலி நடிப்பன்று. அடுத்து யார் என்ன சொல்வார்களோ என்று காத்திருக்கும் மனம் பாடத்தில் நிலைகொள்வதில்லை, மதிப்பெண் குறைகிறது. இவை அனைத்தினும் கொடிய தீங்கு ஒன்றுண்டு. பிறர் தன்னைப் பற்றிக் கூறிய இழிசொல்லைக் குழந்தை தானும் நம்பத் தொடங்குவதே அது.

செய்யத்தக்கவை

ஏளனத்திற்கு வலிமை தருவது சுற்றி நிற்பவர்களின் சிரிப்பு. அவர்கள் சிரிக்காதிருந்தால் அச்சொல் வலுவிழக்கும். ஏளனத்திற்கு ஆளானவர் அருகே சென்று அமர்வதும், அவரைப் பெயர் சொல்லி அழைப்பதும் எளிய செயல்கள். ஆயினும் பெரும் உதவிகள். துன்புற்றவர் நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் நடந்ததைக் கூற வேண்டும். அது கோள் சொல்லுதல் ஆகாது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். பள்ளியில் எந்தக் குழந்தையையும் உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துதல் கூடாது எனக் கல்வி உரிமைச் சட்டம், 2009 விதிக்கிறது. நாவைக் காப்பதன் அருமையை உணர்ந்தே திருக்குறள் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை எனத் தனித்தனி அதிகாரங்களை வகுத்துள்ளது.

இரண்டு ஊர்கள், ஒரே வலி

சில ஆண்டுகள் கழிந்தன. அம்மாணவி கோடை விடுமுறையில் மதுரைக்குச் சென்றாள். அவளுடைய தமிழில் இந்திச் சொற்கள் கலப்பதைக் கேட்டு, உறவினர் பிள்ளைகள் 'இந்திக்காரி' என்று நகைத்தனர். அதே தெருவில், பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தனியே நின்றிருந்தான். பிள்ளைகள் அவனை 'வடக்கன்' என்றே அழைத்தனர். அச்சொல்லின் எடை அவளுக்குத் தெரியும். அவள் அவன் அருகே சென்று இந்தியில், "உன் பெயர் என்ன?" என்று கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அருஞ்சொற்பொருள்

ஏளனம் – இகழ்ந்து நகைத்தல்
சரளமாக – தடையின்றி
இழிசொல் – தாழ்த்திக் கூறும் சொல்
கோள் – பிறரைப் பற்றித் தீய நோக்கத்துடன் கூறுதல்

சிந்தித்து எழுதுக

1. கேலிக்கும் ஏளனத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மாணவி தன் தந்தையைத் தமிழில் பேச வேண்டாம் என்று ஏன் கெஞ்சினாள்?
3. சிறுவனின் பெயரை அவள் கேட்டது ஏன் சிறந்த செயலாகிறது?