வெள்ளைத் துணி எதைச் சாதித்தது?

கடந்த தவணையில் தரம் 11 மாணவர்களுக்குச் சமூக இயக்கங்கள் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இடையில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். “கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை அடக்கம் செய்யும் உரிமை நமக்கு எப்படித் திரும்பக் கிடைத்தது?” பின்வரிசை மாணவன் ஒருவன் உடனே எழுந்து, “இம்ரான் கான் வந்தார், கிடைத்தது சேர்” என்றான். வகுப்பே தலையாட்டியது.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அன்று அவர்கள் ஆரம்பப் பிரிவில் படித்தவர்கள். வீட்டில் பெரியவர்கள் பேசியதைத்தான் அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு மாற்றம் எப்படி வந்தது என்பதைப் பிழையாக விளங்கிக்கொண்டால், அடுத்த அநீதி வரும்போது என்ன செய்வதென்று தெரியாமல் போய்விடும். அதனால் நடந்ததைச் சற்று நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது அவசியம்.

2020 மார்ச் மாத இறுதியில், கொவிட் தொற்றால் மரணித்த முதல் முஸ்லிமின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யவும் முடியும், தகனம் செய்யவும் முடியும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முன்னரே வழிகாட்டியிருந்தது. இதற்கெதிராக உயர் நீதிமன்றத்தில் தாக்கலான மனுக்கள், முழுமையான விசாரணைக்கு அனுமதி கிடைக்காமல் டிசம்பர் 1ஆம் திகதி தள்ளுபடியாயின. ஒரு வாரம் கழித்து, பிறந்து 20 நாட்களேயான ஒரு பச்சிளம் குழந்தையின் ஜனாஸா பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது.

நீதிமன்றக் கதவு மூடிவிட்டது. தொற்றுக் காலம் என்பதால் வீதியில் கூட்டமாக நிற்கவும் முடியாது. இந்த நிலையில்தான் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் சிலர் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். அவை அகற்றப்பட்டன. ஆனால் நாட்டின் பல பாகங்களிலும் வீட்டு வாசல்களிலும் சமூக வலைத்தளங்களிலும் வெள்ளைத் துணி தோன்றத் தொடங்கியது.

ஓர் இயக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல பாடம். துணித் துண்டு ஒன்றைக் கட்டச் செலவில்லை, கூட்டம் தேவையில்லை, தலைவர் தேவையில்லை. வீட்டை விட்டு வெளியே வர முடியாத ஒரு மூதாட்டியும் அதைக் கட்டலாம். நமக்கு அது கபன். சிங்கள மக்களுக்கோ, மரண வீட்டுப் பாதையில் வெள்ளைக் கொடி கட்டுவது பழகிய வழக்கம். அதனால் அந்தத் துணி என்ன சொல்கிறது என்று எவரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. “முஸ்லிம்களின் பிரச்சினை” என்று ஒதுக்கப்பட்டது, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் தகப்பனின் பிரச்சினையாக மாறியது. பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் துணி கட்டினார்கள்.

உணர்ச்சி மட்டும் போதுமாக இருக்கவில்லை. ஆதாரமும் வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவ சங்கம், கொவிட் தொற்றால் இறந்தோரை அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்று பகிரங்கமாக அறிவித்தது. நிலத்தடி நீரைக் காட்டிப் பயமுறுத்திய வாதம் அத்துடன் வலுவிழந்தது. பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழ் மக்கள் நடந்தபோது, அவர்களது கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை நிறுத்துவதும் ஒன்றாக இருந்தது. முஸ்லிம்களும் அந்த நடையில் இணைந்தார்கள். அதே மாதம் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடவிருந்தது. முஸ்லிம் நாடுகளின் ஆதரவு அரசாங்கத்துக்குத் தேவைப்பட்ட நேரம் அது.

பெப்ரவரி 10ஆம் திகதி பிரதமர் பாராளுமன்றத்தில் அடக்கத்துக்கு அனுமதி வழங்கப்படும் என்றார். இம்ரான் கான் வந்தது பெப்ரவரி 23ஆம் திகதி. வர்த்தமானி திருத்தப்பட்டது 25ஆம் திகதி. அவரது வருகை உதவவில்லை என்று நான் சொல்லவில்லை. உதவியது. ஆனால் அவர் தட்டியது, பத்து மாதங்களாகப் பலர் தட்டித் தட்டித் தளர்த்தியிருந்த கதவை.

ஒவ்வோர் இயக்கத்துக்கும் ஒரே கதவு திறப்பதில்லை. எப்பாவல பொஸ்பேட் படிவத்தை வெளிநாட்டுக் கம்பனியுடன் சேர்ந்து அகழும் திட்டத்துக்கு எதிராக, அப்பகுதி விவசாயிகளும் ஒரு விகாரையின் பிக்குவும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2000 ஜூனில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. அங்கே நீதிமன்றம் திறந்தது, நமக்கு மூடியது. இரண்டு இடங்களிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் குறையை மற்றவர்களும் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு நியாயமாக முன்வைத்தார்கள்.

வர்த்தமானி திருத்தத்தோடு கதை முடியவில்லை. முதலில் அடக்கத்துக்குக் குறிக்கப்பட்ட இடம் இரணைதீவு. யுத்தத்தால் இடம்பெயர்ந்து, நீண்ட போராட்டத்தின் பின் 2018இல் தங்கள் தீவுக்குத் திரும்பிய கத்தோலிக்க மீனவ மக்கள் அதை எதிர்த்தார்கள். நம்மவர்களும் அதை ஏற்கவில்லை. ஒரு சிறுபான்மையின் காயத்துக்கு இன்னொரு சிறுபான்மையின் மண்ணை மருந்தாக்கும் முயற்சி அத்துடன் கைவிடப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் ஆரம்பமானது. அடுத்த ஒரு வருடத்தில் அங்கே 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். அவர்களில் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். நாம் நமக்காகக் கேட்ட உரிமை அவர்களுக்கும் பயன்பட்டது.

நமது குறையையும் சொல்லத்தான் வேண்டும். அனுமதி கிடைத்ததும் நாம் கலைந்துவிட்டோம். விஞ்ஞானத்துக்கு மாறான அந்த முடிவை எடுத்தவர்கள் யார், எந்த ஆதாரத்தில் எடுத்தார்கள் என்று தொடர்ந்து கேட்கவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அதை வரவேற்றுவிட்டு மறந்துவிட்டோம். எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் மறக்கவில்லை. வர்த்தமானியை மாற்றுவது இயக்கத்தின் பாதி வேலை. அதே தவறு இன்னொருவருக்கு நேராதபடி செய்வது மீதிப் பாதி. நம் வீதியில் குப்பை மலை எழும்பும்போதும், பக்கத்து ஊர் மக்கள் தங்கள் காணிக்காகக் கூடாரத்தில் அமர்ந்திருக்கும்போதும், அன்று நமக்காகத் துணி கட்டியவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்று மாணவர்களுக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்தேன். அந்தக் காலத்தில் உங்கள் குடும்பம் என்ன செய்தது என்று கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். சிலர், “ஒன்றும் செய்யவில்லை, துஆ கேட்டோம்” என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி, தன் உம்மா வீட்டுக் கேற்றில் வெள்ளைத் துணி கட்டியதாகவும், இதனால் என்ன நடக்கும் என்று வாப்பா கேட்டதற்கு, “தெரியாது, ஆனால் கட்டாமல் இருக்க முடியவில்லை” என்று உம்மா சொன்னதாகவும் எழுதியிருந்தாள்.

அதை வகுப்பில் உரத்து வாசித்தேன். பின்வரிசை மாணவன் எழுந்து கேட்டான்: “சேர், இதை ஏன் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை?”