இடைவேளையில் விழும் சுபம்

பழைய தமிழ்ப் படங்களில் திரையில் 'சுபம்' விழுந்ததுமே கால்கள் இருட்டில் செருப்பைத் துழாவும். அந்தச் சுபம் பாதிப் படத்திலேயே விழுந்தால் எப்படி இருக்கும்? 'இன்டு தி வுட்ஸ்' என்ற அமெரிக்க இசை நாடகத்தின் முதல் பாதி அப்படித்தான் முடிகிறது. சின்டரெல்லாவுக்கு இளவரசன் கிடைத்துவிடுகிறான். அவரைக்கொடி ஏறிய ஜாக் தங்கத்தோடு திரும்பிவிடுகிறான். சூனியக்காரியின் சாபத்தால் பிள்ளையில்லாதிருந்த ரொட்டிக்காரனின் மனைவி இப்போது முழுகாமல் இருக்கிறாள். எல்லாரும் சேர்ந்து பாட, விளக்கு அணைகிறது. நாடகம் முடிந்தது என்று நம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. மற்றபடி பார்வையாளர் மாறிவிட்டார்கள். அவர்கள் சொல்வதற்கு இருந்த மதிப்பும் மாறிவிட்டது.

நாடகம் முதலில் மேடையேறியது நியூயார்க்கில் அல்ல. கலிபோர்னியாவில், சான் டியேகோவின் பால்போவா பூங்காவில் உள்ள ஓல்டு குளோப் அரங்கில், 1986 டிசம்பரில். 1935இல் ஒரு பொருட்காட்சிக்காக எழுப்பிய அரங்கு அது. 1978இல் எரிந்துபோய், 1982இல் புதிதாக எழுந்தது. ஸ்டீபன் சோண்ட்ஹைம் பாட்டும் இசையும், ஜேம்ஸ் லபைன் கதை வசனமும் இயக்கமும். நியூயார்க் விமர்சகர்களின் பேனாவுக்கு எட்டாத தூரத்தில், டிக்கெட் வாங்கி வரும் ஜனங்களை வைத்து நாடகத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் வெளியூர். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே இருமுகிறார்கள் என்பதெல்லாம் கணக்கு. 50 ஆட்டங்கள் நடந்தன. இன்று அந்த நாடகத்தின் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் 'நோ ஒன் இஸ் அலோன்' பாட்டு முதல் நாள் இல்லை. ஓட்டத்தின் நடுவில்தான் சேர்ந்தது. சூனியக்காரியின் முக்கியமான பாட்டு ஒன்றும் நியூயார்க்கின் பிராட்வே போவதற்குள் மாறியது. சூனியக்காரியே மாறினார்: இங்கே எல்லன் ஃபோலி, அங்கே பெர்னடெட் பீட்டர்ஸ்.

1987 நவம்பரில் பிராட்வேக்கு வந்து 765 ஆட்டங்கள் ஓடியது. அப்போதைய முணுமுணுப்பு ஒன்றே ஒன்றுதான்: இரண்டாம் பாதி. ஜாக் கொன்ற அரக்கனின் மனைவி பழிவாங்க இறங்கி வருகிறாள். கதை சொல்லிக்கொண்டிருந்தவனையே பிடித்து அவளிடம் தள்ளிவிடுகிறார்கள். சின்டரெல்லாவின் இளவரசன் காட்டில் ரொட்டிக்காரனின் மனைவியோடு சல்லாபிக்கிறான். அவளோ சற்று நேரத்தில் செத்துப்போகிறாள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும்! எய்ட்ஸ் பரவி வந்த ஆண்டுகள் அவை. வானத்திலிருந்து வந்து பாகுபாடில்லாமல் மிதித்துக் கொல்லும் அந்த அரக்கி அந்த நோயேதான் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பழைய புகாரில் நியாயம் இருக்கிறது. ரொட்டிக்காரனின் மனைவிதான் நாடகத்திலேயே நமக்கு மிக நெருங்கிய பாத்திரம். அந்த வேடத்துக்காக ஜோனா கிளீசன் டோனி விருது வாங்கினார். அவள் போனபின் ஒரு சூடான சண்டைப் பாட்டு வருகிறது. அதற்கப்புறம் வருபவை நிதானமானவை. அழகானவைதான், ஆனால் கடிகாரம் பார்க்க வைப்பவை.

பின்பு மூன்று காரியங்கள் நடந்தன. முதல் குழுவின் ஆட்டம் 1991இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டு வளர்ந்த பிள்ளைகள் பாட்டெல்லாம் மனப்பாடமாகத் திரிந்தார்கள். பள்ளிகளுக்கென்று 'ஜூனியர்' வடிவம் வந்தது. அதில் முதல் பாதி மட்டும்தான். அதில் பத்து வயதில் ஜாக்கின் மாடாக நடித்த பெண், இருபது வயதில் முழு நாடகத்தைப் பார்க்கும்போதுதான் யார் யார் சாகிறார்கள் என்றே தெரிந்துகொள்வாள். மூன்றாவது, 2014இல் வந்த டிஸ்னி படம்.

ஆக, இன்று வெளியூர் அரங்கில் உட்காருகிறவருக்குக் கதை புதிதல்ல. அரக்கி வருவாள் என்று தெரிந்தேதான் டிக்கெட் வாங்குகிறார். அதனால் பேச்சு கதையை விட்டுச் செய்முறைக்குத் தாவிவிட்டது. சூனியக்காரி எப்படி உருமாறுகிறாள், அரக்கியின் குரல் யாருடையது, வாத்தியக்காரர்கள் எத்தனை பேர், எல்லாவற்றுக்கும் மேலே மாடு எப்படி! முதலில் அது வெறும் பொம்மை மாடு. 2022 பிராட்வே ஆட்டத்தில் ஆட்டுவிப்பவர் கையில் அது மூச்சு விட்டது, கண் கலங்கியது. பெரிய நட்சத்திரங்களுக்கு நிகராகக் கைதட்டும் வாங்கியது.

ஓல்டு குளோபுக்கே நாடகம் 2014 கோடையில் திரும்பி வந்தது, ஃபியாஸ்கோ என்ற குழுவின் கையில். பெரிய இசைக்குழு கிடையாது, பியானோதான் பிரதானம். நடிகர்களே வாத்தியமும் வாசித்தார்கள். மாடாக வந்தது ஓர் ஆள். இப்படிப்பட்ட ஆட்டங்களில்தான் இன்றைய ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஜானதன் டியூனிக் எழுதிக் கொடுத்த முழு வாத்திய அமைப்பு இல்லாமல் இது என்ன கச்சேரி என்பது ஒரு கட்சி. அலங்காரம் கழன்றபின்தான் வசனம் காதில் விழுகிறது என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

பெரிய வேடிக்கை படத்தில்தான் நடந்தது. மேடையில் அரக்கியின் காலில் மிதிபட்டுச் சாகும் ரப்பன்ஸலை டிஸ்னி சாகவிடவில்லை, இளவரசனோடு தப்பிப் போக விட்டது. தனியாக நின்று கதை சொல்பவனையும் எடுத்துவிட்டது. இருட்டு அதிகம் என்று அன்று புகார் வந்த அதே நாடகத்துக்கு, இருட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று இன்று கோபம் வந்தது!

ஆனால் இன்றைய கோபம் போய்ச் சேரும் இடம் வேறு. பாட்டை மாற்றி எழுத இனி சோண்ட்ஹைம் இல்லை, 2021இல் காலமானார். ஊர் அரங்குகள் உரிமம் வாங்கித்தான் நாடகத்தைப் போடுகின்றன, அனுமதியில்லாமல் ஒரு வசனத்தையும் வெட்டக் கூடாது, ஒரு பாட்டையும் நகர்த்தக் கூடாது. இரண்டாம் பாதி நீளம் என்று வாசலில் நின்று எத்தனை பேர் சொன்னாலும் அடுத்த நாள் ஆட்டம் ஒரு நிமிஷம்கூடக் குறையாது. மாடு பிடிக்கவில்லை என்றால் சொல்லலாம், மாட்டை மாற்றுவார்கள்.